சிறார் படையினர் வீடு திரும்புவது எப்படி? சியரா லியோனை வைத்து ஓர் அறிமுகம்

போர் ஓய்ந்த நாட்டில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் முகாமுக்கு வருகிறான். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட முடியுமா? வீடு எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், அந்த ஊரைக் கொளுத்திய கூட்டத்தில் அவனும் இருந்திருக்கலாம். ஏழு வயதில் தூக்கிச் செல்லப்பட்டவனுக்குச் சோறு, காவல், மரியாதை, நட்பு எல்லாமே அந்தத் துப்பாக்கி வழியாகத்தான் வந்தன. அதைப் பறித்தால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். எதை வைப்பது, எந்த வரிசையில் வைப்பது, எங்கே சறுக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனை எடுத்துக்கொள்வோம். 1991 மார்ச்சில் தொடங்கிய அங்கத்திய உள்நாட்டுப் போர் 2002 ஜனவரியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஃபோடே சங்கோ தலைமையிலான ஆர்.யு.எஃப். கிளர்ச்சிப் படை, 1997இல் ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழு, அரசுக்கு ஆதரவாக நின்ற கமாஜோர் வேட்டைக்காரர்களின் ஊர்க்காவல் படை என எல்லாத் தரப்பிலும் பிள்ளைகள் இருந்தார்கள். 72,000க்கும் மேற்பட்டோர் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அவர்களில் முறைப்படி விடுவிக்கப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 6,845 பேர். நன்றாக நடந்தவை, சொதப்பியவை இரண்டுமே விரிவாகப் பதிவான இடம் அது. பின்னால் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பல விதிகளை அங்கே பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

யார் இந்தக் கணக்கில் வருவார்கள்?

சிறார் படையினர் என்றதும் தோளில் துப்பாக்கி தொங்கும் சிறுவன்தான் நம் கண்ணுக்கு வருகிறான். களத்தில் அவர்கள் ஒரு பகுதிதான். சமைத்தவள், தண்ணீர் சுமந்தவள், குண்டுப் பெட்டி தூக்கியவன், உளவு பார்க்க அனுப்பப்பட்டவன், தளபதியின் 'மனைவி' என்று வைத்துக்கொள்ளப்பட்டவள் எல்லாருமே இதில் சேர்த்திதான். 1997இல் கேப் டவுனில் வகுத்த கோட்பாடுகளும், 2007இல் வந்த பாரிஸ் கோட்பாடுகளும் இதைத் திட்டவட்டமாகச் சொல்கின்றன: பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பிள்ளையும் எந்த வேலைக்காக ஒரு படையிலோ குழுவிலோ வைக்கப்பட்டிருந்தாலும் கணக்கில் வரும், சண்டை போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வெறும் சொல்விளக்கம்தானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். யாருக்கு உதவி கிடைக்கும், யார் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள் என்பது இந்த ஒரு வரியில்தான் முடிவாகிறது.

சியரா லியோனில் நடந்ததைப் பாருங்கள். ஆயுதம் கொண்டுவந்தால்தான் பதிவு என்பது பெரியவர்களுக்கான விதி. பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் பல இடங்களில் வாசலில் நின்றவர்கள் பிள்ளைகளிடமும் துப்பாக்கி கேட்டார்கள். ஏ.கே. 47ஐப் பிரித்து மறுபடி பூட்டிக் காட்டச் சொன்னார்கள். வருடக்கணக்கில் சோறு மட்டுமே ஆக்கிய பெண்ணால் அது முடியுமா? இன்னொரு பக்கம், சில தளபதிகள் பிள்ளைகளின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கித் தங்கள் உறவினரிடம் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள், பணமும் பயிற்சியும் அவர்களுக்குப் போகட்டும் என்று. இந்த இரண்டு ஓட்டைகள் வழியாகக் காணாமல் போனவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரித்தெடுப்பது

முதல் வேலை, பிள்ளையையும் தளபதியையும் பிரிப்பது. ஆயுதம் ஒப்படைக்கும் இடத்தில் பிள்ளைகள் 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. பெரியவர்கள் இருக்கும் முகாமில் ஒரு வாரம் இருந்தாலே பழைய கட்டளைச் சங்கிலி மறுபடி உயிர் பெற்றுவிடும். அண்ணன் தண்ணீர் கொண்டுவரச் சொல்வான், தம்பி ஓடுவான்.

வயதைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இருக்காது. பெரியவர்களுக்குப் பணம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் பதினாறு வயதுக்காரன் தனக்குப் பத்தொன்பது என்பான். சண்டைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்த இருபது வயதுக்காரன் பதினேழு என்பான். இதற்கு ஊர் நிகழ்வுகளை அடுக்கிய நாட்காட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் கைகொடுக்கும். "1999 ஜனவரியில் ஃப்ரீடவுனுக்குள் படை புகுந்தபோது நீ எந்த வகுப்பில் இருந்தாய்? உன் தங்கை நடக்க ஆரம்பித்துவிட்டாளா?" என்று கேட்டால் வயது ஓரளவுக்குப் பிடிபடும். சந்தேகம் தீராவிட்டால் அவனைப் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். பிள்ளையின் கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது. பக்கத்து நாடான லைபீரியாவில் 2003இல் போர் முடிந்த பிறகு, பெரியவர்களுக்குப் போலவே பிள்ளைகளுக்கும் 300 டாலர் கொடுத்தார்கள். தளபதிகள் வாசலில் நின்று தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். சண்டைப் பக்கமே போகாத பிள்ளைகளைக்கூடப் படையில் இருந்ததாகச் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். ஊரில் இருந்தவர்களோ, எங்கள் வீட்டைக் கொளுத்தியவனுக்குக் காசு, எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. திரும்பி வரும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தடையும் கிடையாது.

இடைத்தங்கல் இல்லம்

பிரித்தெடுத்த பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. நடுவில் சில வாரங்கள் தங்க ஓர் இடம் வேண்டும். சியரா லியோனில் யுனிசெஃப்பும் சமூக நல அமைச்சும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து இந்த இல்லங்களை நடத்தின. ஆறு வாரம் போல என்பது இலக்கு. வீடு கிடைக்காதவர்கள் மாதக்கணக்கில் இருந்ததும் உண்டு.

முதல் நாள் நடப்பது எளிமையாகத்தான் இருக்கும். குளியல், புதுத் துணி, சாப்பாடு, பாய், போர்வை. பழைய சீருடையைக் கழற்றச் சொல்லும்போது கட்டாயப்படுத்தக் கூடாது. சிலர் அதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் மருத்துவப் பரிசோதனை: சொறி சிரங்கு, மலேரியா, ஆறாத புண், உள்ளே தங்கிவிட்ட குண்டுச் சில்லு, பாலியல் நோய்கள். கஞ்சாவும் வேறு போதைப்பொருள்களும் கொடுத்தே சண்டைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கமின்மை, நடுக்கம், வெடித்துக் கிளம்பும் கோபம் எல்லாம் இருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடித்துத் திருத்தப் பார்க்கும் பணியாளரை அன்றே மாற்றிவிட வேண்டும்.

உடம்பில் இன்னொன்றும் இருக்கும். ஆர்.யு.எஃப். படையினர் தாங்கள் பிடித்துவந்த பிள்ளைகளில் பலரின் நெஞ்சிலோ கையிலோ தங்கள் படையின் எழுத்துகளைக் கத்தியால் கீறி வைத்தார்கள். தப்பி ஓடினால் எதிர்த்தரப்பின் சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொன்னதும் மாட்டிக்கொள்வான், ஆகவே ஓடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. போர் முடிந்தும் அந்தத் தழும்பு போகாது. ஆற்றில் குளிக்கும்போது, வயலில் வேலை செய்யும்போது ஊரே அதைப் படிக்கும். அதனால் அந்தத் தழும்பை அறுவை சிகிச்சை மூலம் நீக்கும் ஏற்பாட்டையும் அங்கே செய்தார்கள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது அழகுக்கான சிகிச்சை போலத் தெரியும். சட்டையில்லாமல் நண்பர்களோடு ஆற்றில் இறங்க முடிவது அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இல்லத்துக்குள் பதவி வரிசை தானாக மறையாது. 'கேப்டன்' என்று அழைக்கப்பட்டவன் முதலில் சாப்பிடுவான், சின்னவர்கள் அவன் துணியைத் துவைப்பார்கள். இதை உடைக்க மூன்று வழிகள் உதவுகின்றன: ஒரே பிரிவில் இருந்தவர்களை ஒரே அறையில் போடாதிருப்பது, அறைப் பொறுப்பை வாரம் ஒருவருக்கு மாற்றுவது, எல்லாரையும் பட்டப்பெயரை விட்டுச் சொந்தப் பெயரால் கூப்பிடுவது. எதிரெதிர்த் தரப்புப் பிள்ளைகள் ஒரே இல்லத்துக்கு வரும்போது ஆரம்பத்தில் கைகலப்பு வரும். ஆகவே சமையலறைக் கத்தியும் அரிவாளும் பூட்டித்தான் இருக்க வேண்டும். பந்தாட்டத்தில் அணி பிரிக்கும்போது தரப்புகளைக் கலந்துவிடுவது பழைய உத்தி, ஆனால் பலிக்கிறது.

இல்லம் வசதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்வதும் சில சமயம் கெடுத்துவிடும். மூன்று வேளையும் இறைச்சி, மின்விளக்கு, தொலைக்காட்சி என்று பழக்கிவிட்டால், கூரைக் குடிசையில் ஒருவேளைக் கஞ்சி குடிக்கும் தாயிடம் போக அவனுக்கு மனம் வராது. ஊரில் என்ன சாப்பிடுவார்களோ அதையே, பிள்ளைகளே முறைவைத்துச் சமைத்து, விறகு பொறுக்கி, முற்றம் கூட்டி வாழும் இல்லம்தான் வீட்டுக்குப் போவதற்குச் சரியான ஒத்திகை.

வீட்டைத் தேடுவது

இந்த வேலை முழுவதிலும் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. ஆறு வயதில் பிரிந்த பிள்ளைக்கு "அம்மா", "அப்பா" என்பதைத் தாண்டிப் பெற்றோர் பெயர் தெரியாது. ஊர்ப் பெயர் தெரிந்தாலும் அதே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும். நேரடியாகக் கேட்டால் கிடைக்காதது சுற்றி வளைத்துக் கேட்டால் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு இருந்ததா, எந்தப் பக்கம் சூரியன் மறையும், சந்தை எந்தக் கிழமை, மசூதியா தேவாலயமா, எந்த மொழியில் தாலாட்டுக் கேட்டாய், பள்ளி வாத்தியார் பெயர் என்ன, வீட்டில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? இப்படிக் கேட்டவற்றைப் படிவத்தில் எழுதி, புகைப்படம் எடுத்து, ஒரு பிரதியை ஊர் ஊராக எடுத்துச் செல்வார்கள். சியரா லியோனில் வானொலி அறிவிப்பும் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித் தாள்களும் இதற்குப் பெரிதும் உதவின. பல பெற்றோர் எல்லை தாண்டி கினியாவில் அகதிகளாக இருந்ததால் தேடல் அங்கேயும் போக வேண்டியிருந்தது.

"இது என் மகன்தான்" என்று யாராவது வந்தவுடன் ஒப்படைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒப்பிட வேண்டும். வேலைக்கு ஆள் கிடைக்குமே என்று வருபவர்களும் உண்டு, பழைய தளபதி அனுப்பிய 'மாமா'க்களும் உண்டு. பதில்கள் பொருந்திய பிறகு, பிள்ளையை முதலில் ஒரு நாள் பார்த்துவர அழைத்துப் போவது நல்லது. அவனுடைய முகமும் அவர்களுடைய முகமும் அப்போது நிறையச் சொல்லிவிடும்.

குடும்பம் மறுப்பதும் உண்டு. பல பிள்ளைகளை முதலில் சொந்த ஊரிலேயே, சொந்தக்காரர் மீதே கொடுமை செய்யவைத்தார்கள், திரும்பிப் போக வழியில்லாமல் போகட்டும் என்று திட்டமிட்டு. அப்படிப்பட்டவனை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் விட்டால் அவன் ஒரு மாதத்தில் நகரத்துத் தெருவில் நிற்பான். சித்தப்பா, பாட்டி, அக்கா வீடு என்று உறவின் அடுத்த வட்டத்தில் தேட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அதே மொழி பேசும் வளர்ப்புக் குடும்பம். பெரிய பையன்கள் என்றால், கண்காணிப்போடு மூன்று நாலு பேர் சேர்ந்து வாழும் வாடகை வீடு. விடுதியில் நிரந்தரமாக வைத்துவிடுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை தடைகளுக்கு நடுவிலும் சியரா லியோனில் விடுவிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பெற்றோரிடமோ உறவினரிடமோ போய்ச் சேர்ந்தார்கள். தேடுவது வீண் என்று கைவிடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் ஏற்றுக்கொள்வது

வீடு ஏற்றாலும் ஊர் ஏற்க வேண்டும். பிள்ளை போய்ச் சேர்வதற்கு முன்பே களப்பணியாளர் ஊருக்குப் போய்த் தலைவர், இமாம் அல்லது பாதிரியார், பெண்கள் சங்கத் தலைவி, ஆசிரியர், இளைஞர் தலைவன் ஆகியோரிடம் பேசுவார். ஒரே ஒரு முறை கூட்டம் போட்டு "மன்னித்துவிடுங்கள்" என்று உரை நிகழ்த்திவிட்டு வருவதால் பயன் இல்லை. உள்ளே இருக்கும் கோபத்தைப் பேச இடம் கொடுக்க வேண்டும். யாருடைய வீடு எரிந்தது, யார் திரும்பி வரவில்லை என்பதையெல்லாம் ஊர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், அந்தப் பையன் தூக்கிச் செல்லப்பட்ட இரவும் ஊருக்கு நினைவு வரும்.

பல ஊர்களில் இதற்கு ஏற்கெனவே சடங்குகள் இருந்தன. சியரா லியோனில் மூத்த பெண்கள் மூலிகை ஊறிய நீரால் திரும்பி வந்த பெண்களைக் குளிப்பாட்டி, புதுத் துணி உடுத்தி, பாட்டோடும் ஆட்டத்தோடும் ஊருக்குள் அழைத்துவந்தார்கள். வட உகாண்டாவின் அச்சோலி மக்களிடம், நீண்ட காலம் வெளியே இருந்துவிட்டு வருபவர் வீட்டுக்குள் நுழையுமுன் முட்டையை மிதிக்கும் வழக்கம் உண்டு. வாசலில் ஒபோபோ மரக்குச்சியும் குதிர் திறக்கும் கவைக்கோலும் வைத்து, நடுவில் பச்சை முட்டை. குச்சியின் வழுவழுப்பான பட்டை அழுக்கைக் கழுவுவதற்கு, முட்டை களங்கமின்மைக்கு, கவைக்கோல் "இந்த வீட்டுத் தானியத்தில் இனி உனக்கும் பங்கு உண்டு" என்பதற்கு. முட்டை காலடியில் உடைந்ததும் அவன் உள்ளே வரலாம். கடவுளின் எதிர்ப்புப் படை (எல்.ஆர்.ஏ.) என்ற அங்கத்திய கிளர்ச்சிக் குழு தூக்கிச் சென்று தப்பி வந்த பிள்ளைகளுக்கும் இதையே செய்தார்கள். வெளியிலிருந்து வரும் அமைப்புகள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு, எல்லாருக்கும் கட்டாயமாக்குவதும் தவறு. சில குடும்பங்களின் சமயம் இதற்கு இடம் கொடுக்காது. ஒரு பெண்ணுக்கு, தனக்கு நேர்ந்தது ஊருக்கெல்லாம் தெரியவரும் நாளாகவே அது ஆகிவிடலாம். விருப்பத்தைத் தனியாகக் கேட்டறிந்தே செய்ய வேண்டும்.

உதவிப் பொருள்களின் விஷயத்தில் ஒரே ஒரு விதி: முன்னாள் படையினனுக்கு மட்டும் என்று எதையும் கொடுக்காதீர்கள். சியரா லியோனில் இதை ஓரளவு சரியாகவே செய்தார்கள். திரும்பி வந்த பிள்ளையைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்குப் பாடப்பொருள்களோ விளையாட்டுப் பொருள்களோ கொடுத்தார்கள். அவற்றைப் பள்ளி முழுக்கப் பயன்படுத்தியது. "அவன் வந்ததால் நம் பிள்ளைக்கும் நோட்டு கிடைத்தது" என்று ஊர் பேசத் தொடங்கினால் பாதிக் கதவு திறந்துவிட்டது.

படிப்பும் பிழைப்பும்

பதினைந்து வயதுப் பையனை ஆறு வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் இரண்டு நாளுக்கு மேல் வரமாட்டான். இதற்காகத்தான் ஆறு வருடத் தொடக்கப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்கும் விரைவு வகுப்புகள் தொடங்கப்பட்டன. படையில் இருந்தவர்கள் மட்டுமில்லாமல், போரால் படிப்பு விட்டுப்போன எல்லாப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். அதுவே முத்திரை விழாமல் காத்தது.

தொழிற்பயிற்சியில் அதிகம் நடக்கும் தவறு, கற்றுத்தர எளிதானதைக் கற்றுத்தருவது. தையல், தச்சு, சோப்பு செய்தல், துணிக்குச் சாயம் கட்டுதல். ஆறு மாதத்தில் ஒரே சிற்றூருக்குப் பத்துத் தையல்காரர்கள் கிடைப்பார்கள், துணி தைக்கக் காசுள்ளவர் மூன்று பேர்தான் இருப்பார்கள். தையல் இயந்திரம் சந்தையில் விலைக்குப் போகும். பயிற்சி தொடங்குமுன் அந்தச் சந்தையில் ஒரு நாள் முழுக்க நின்று எது விற்கிறது, எதற்கு ஆள் இல்லை, எதைச் சரிசெய்ய ஆள் தேடி அலைகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். பயிற்சி மையத்தை விட, ஊரிலேயே தொழில் செய்யும் ஒரு ஆசாரியிடமோ கொத்தனாரிடமோ சேர்த்துவிடுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும். தொழிலோடு வாடிக்கையாளரும் அறிமுகமாவார்கள், ஊரின் ஒரு பெரியவர் அவனுக்குப் பொறுப்பாளி ஆகிறார். விவசாயம் என்றால் விதையும் மண்வெட்டியும் மழைக்கு முன் வந்து சேர வேண்டும். விதைப்பு முடிந்த பிறகு வரும் விதை நெல் சோறாகிவிடும்.

மனக்காயம்

எல்லாப் பிள்ளைக்கும் மனநோய் வந்துவிடும் என்று நினைப்பதும், ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் ஒரே அளவு தவறு. சியரா லியோனில் திரும்பி வந்த பிள்ளைகளை 2002 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தெரேசா பெட்டன்கோர்ட்டின் ஆய்வுக் குழு முக்கியமான ஒன்றைக் கண்டது. போரில் நடந்தது மட்டும் அவர்கள் நிலையைத் தீர்மானிக்கவில்லை. திரும்பி வந்த பிறகு ஊர் ஒதுக்கியதா, ஏற்றதா, பள்ளிக்குப் போனார்களா, வீட்டில் அன்பு இருந்ததா என்பவையும் மனநிலையைப் பெரிதும் மாற்றின. கடந்ததை யாராலும் மாற்ற முடியாது. ஊர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்ற முடியும்.

படையில் இருந்த காலமும் கணக்கில் வரும். மொசாம்பிக்கில் 1988இல் மாபுட்டோவின் லாங்கெனே இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்ட 39 சிறுவர்களை ஆய்வாளர் நீல் பூத்பி பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகப் படையில் இருந்தவர்கள் தங்களைப் பிடித்துச் செல்லப்பட்டவர்களாகவே பார்த்தார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் இருந்தவர்கள் தங்களைப் படையின் ஆளாகவே பார்த்தார்கள், மீள்வதற்கு அவர்களுக்கு அதிக காலமும் துணையும் தேவைப்பட்டன.

அன்றாடத்தில் இதன் பொருள் என்ன? ஆசிரியர் பின்னாலிருந்து வந்து தோளைத் தொடக் கூடாது. பட்டாசு வெடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கனவு கண்டு அலறும் பிள்ளையை உலுக்கி எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று யாரும், பத்திரிகையாளர் உட்பட, கேட்கக் கூடாது. அவனாகப் பேச வந்தால் கேட்க ஒரே ஒரு நம்பிக்கையான பெரியவர் போதும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, நாள்கணக்கில் பேசாமல் சாப்பிடாமல் இருப்பது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவை தெரிந்தால் அது வீட்டில் சமாளிக்கும் விஷயம் அல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெண் பிள்ளைகள்

சியரா லியோனின் 6,845 பேரில் பெண்கள் ஏறத்தாழ 500 பேர்தான். படைகளில் இருந்த பிள்ளைகளில் கால் பங்கு பெண்களாக இருந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மற்றவர்கள் எங்கே போனார்கள்? துப்பாக்கி இல்லாததால் வாசலில் நின்றுபோனார்கள். தளபதி விடாததால் அவனோடேயே இருந்துவிட்டார்கள். "காட்டு மனைவி" என்ற பட்டத்துக்குப் பயந்து, யாருக்கும் தெரியாமல் தனியாக ஊர் திரும்பினார்கள். முகாமில் ஆண்களுக்கு நடுவே இரவு தங்கவும், பொதுக் கழிப்பறைக்குப் போகவும் பயந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. தனிப் பதிவு மேசை, பெண் பணியாளர், பூட்டக்கூடிய கதவு, மாதவிடாய்த் துணி, குழந்தைக்குப் பால். இந்த ஐந்தும் இல்லாத முகாம் பெண்களுக்கு மூடிய முகாம்தான்.

கையில் குழந்தையோடு வரும் பதினாறு வயதுப் பெண்ணின் நிலை இன்னும் கடினம். அவளை ஏற்கும் குடும்பம்கூடக் குழந்தையை 'எதிரியின் பிள்ளை' என்று ஒதுக்கும். குழந்தைக்கு யார் பெயரைப் போடுவது, எந்தக் குலத்தில் சேர்ப்பது, பிறப்புப் பதிவில் தந்தை இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விகள் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே வீட்டுத் திண்ணையில் வந்துவிடும். "உன்னை வைத்திருந்தவனையே கட்டிக்கொள்" என்று பேசி முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவளைத் தனியாக, அவனோ அவன் ஆட்களோ இல்லாத இடத்தில் கேட்காமல் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

பயன் தந்த ஒரு வழியைச் சொல்ல வேண்டும். 2006 முதல் 2009 வரை சியரா லியோன், லைபீரியா, வட உகாண்டா மூன்றிலும் 20 ஊர்களில் 658 இளம் தாய்மார்களைக் கொண்டு ஒரு பணி நடந்தது. என்ன செய்யலாம் என்று வெளியார் முடிவு செய்யவில்லை. பெண்கள் சிறு குழுக்களாகக் கூடித் தங்களுக்குள் பேசி, எது தங்களை அழுத்துகிறது என்று கண்டு, கிடைத்த சிறு நிதியை எதில் போடலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சிலர் சேர்ந்து பயிர் வைத்தார்கள், சிலர் சிறு வியாபாரம் தொடங்கினார்கள், சிலர் நாடகம் போட்டு ஊருக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். படைக்குப் போகாத, ஆனால் அதே போல் கைவிடப்பட்ட தாய்மாரும் குழுவில் இருந்ததால் யார் எவர் என்று தனியாகத் தெரியவில்லை. குழந்தைக்குச் சோப்பும் உடையும் வாங்க முடிந்த தாயை ஊர் வேறு கண்ணால் பார்த்தது.

குற்றமும் பொறுப்பும்

பிள்ளைகள் செய்த கொடுமைகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எப்போதும் எழும். போர்க்குற்றங்களை விசாரிக்க அமைக்கப்பட்ட சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்துக்குப் பதினைந்து வயதுக்குக் கீழ் இருந்தவர்களை விசாரிக்க அதிகாரமே இல்லை. பதினைந்து முதல் பதினெட்டு வரை விசாரிக்கலாம் என்று இருந்தும், அரசுத் தரப்பு வழக்குரைஞர் டேவிட் கிரேன் பிள்ளைகள் யார் மீதும் வழக்குத் தொடரப்போவதில்லை என்று 2002இலேயே அறிவித்தார். அதே நீதிமன்றம்தான் 2007இல், பிள்ளைகளைப் படையில் சேர்த்த குற்றத்துக்காகப் பெரியவர்களைத் தண்டித்தது. போரில் நடந்ததைப் பதிவு செய்ய அமைத்த உண்மை ஆணையத்தில் பிள்ளைகள் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். அறிக்கையின் ஒரு வடிவத்தைப் பிள்ளைகள் படிக்கும்படியும் எழுதினார்கள்.

இலங்கையில்

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரத்து விஷயமில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது விடுதலைப் புலிகளின் படையில் இருந்த பிள்ளைகளாக அடையாளம் காணப்பட்டு 594 பேர் புனர்வாழ்வு மையங்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் 230 பேர் பெண்கள். அம்பேபுஸ்ஸவில் ஒரு மையம் இருந்தது. ரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடரப் பலருக்கு வழி செய்தார்கள். 2010 மே மாத அளவில் எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் திரும்பிப் போக வீடு? பல பெற்றோர் அப்போது இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடி வவுனியாவில் குடும்பத் தேடல் பிரிவு ஒன்று செயல்பட்டது. சீருடை அணிந்தவர் அடிக்கடி வந்து விசாரிக்கும் வீட்டை அக்கம்பக்கத்தார் தள்ளியே வைப்பார்கள் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். வீடு தேடிப் போக வேண்டியது சமூகப் பணியாளர்தான்.

பின்தொடர்வது

பெரும்பாலான திட்டங்களுக்கு நிதி ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான் வரும். பிள்ளைக்கோ ஐந்து வருடமாவது தேவைப்படும். கைவிடப்பட்ட இடைவெளியில் ஆள்சேர்ப்பவர் வருவார். சியரா லியோனில் சண்டை போட்ட இளைஞர்களில் சிலர் பின்னர் லைபீரியாவிலும் ஐவரி கோஸ்ட் எனப்படும் கோட் டிவாரிலும் கூலிக்குத் துப்பாக்கி ஏந்தினார்கள். வாக்களித்த பயிற்சி கிடைக்காததும் கையில் காசில்லாததும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவரும். சாப்பாட்டு நேரத்தில் போனால் நிறையத் தெரியும். சியரா லியோன் கிராமங்களில் பெரிய வட்டத் தட்டில் சோறு போட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். பையன் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறானா, தனிக் கிண்ணத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கிறானா? வீட்டார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, "அந்தப் பையன்" என்கிறார்களா? வீட்டின் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் இவன் மட்டும் வயலில் நிற்கிறானா? பெண் என்றால் அவள் குழந்தையைப் பாட்டி மடியில் வைத்திருக்கிறாளா? இவற்றை அன்று மாலையே படிவத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்தால், அடுத்த முறை வேறு பணியாளர் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.